தம்ப் டிரைவில் ஒரு மென்பொருள்: போர்ட்டபிள் பதிப்பைச் செய்வதும் சோதிப்பதும்

வீட்டில் ஒரு மடிக்கணினி, பாலிடெக்னிக் கூடத்தில் ஒரு கணினி, வார இறுதியில் சமூக மன்றத்தில் பாடம் எடுக்கப் போனால் அங்கே இன்னொன்று. சிங்கப்பூரில் பலருடைய வேலை இப்படி மூன்று இடங்களில் சிதறித்தான் கிடக்கிறது. கோப்புகளைத் தம்ப் டிரைவில் போட்டுக் கொண்டுபோய்விடலாம். மென்பொருளை என்ன செய்வது? பொதுக் கணினியில் நிறுவுவதற்கு அட்மின் கடவுச்சொல் கேட்கும். அது நம்மிடம் இருக்காது. இருந்தாலும், அடுத்தவர் கணினியில் நம் அமைப்புகளையும் கடவுச்சொற்களையும் விட்டுவிட்டு வருவது சரியில்லை. அதற்காகத்தான், நிறுவாமல் தம்ப் டிரைவிலிருந்தே ஓடும் போர்ட்டபிள் பதிப்பு.

தம்ப் டிரைவ் என்ற பெயரே இந்த ஊர்ச் சரக்குதான். டிரெக் 2000 என்ற சிங்கப்பூர் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த யுஎஸ்பி நினைவகத்துக்குச் சூட்டிய வணிகப் பெயர் அது. இன்று எந்த நிறுவனத்தின் நினைவகத்தையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். இந்தக் கட்டுரை விண்டோஸ் மென்பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

நிறுவாமல் ஓடினால் போதுமா?

போதாது. தொடக்கநிலையினர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஒரு இஎக்ஸ்இ கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தவுடன் ஓடிவிட்டால், அது போர்ட்டபிள் என்று நம்பிவிடுகிறார்கள். போர்ட்டபிள் பதிப்பு என்பது விருந்தாளி மாதிரி. தன் பாயையும் தலையணையையும் தானே கொண்டுவர வேண்டும்; போகும்போது அவற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும்; நாளைக்கு வேறு வீட்டில் வேறு அறை கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் படுக்க வேண்டும். கணினி மொழியில் சொன்னால்: அமைப்புகள் மென்பொருளுடனேயே பயணிக்க வேண்டும், வந்த கணினியில் எதையும் விட்டுச்செல்லக் கூடாது, டிரைவ் எழுத்து மாறினாலும் குழம்பக் கூடாது.

புட்டியை எடுத்துக்கொள்வோம். சேவையகங்களுடன் இணையப் பயன்படும் இந்தச் சிறிய மென்பொருள் ஒற்றை இஎக்ஸ்இ கோப்பு. நிறுவவே வேண்டாம். தம்ப் டிரைவில் போட்டு எங்கும் ஓட்டலாம். ஆனால் நீங்கள் சேமித்த இணைப்புகள் எல்லாம் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற தரவுத்தளத்தில், நடப்புப் பயனர் பிரிவில், சாஃப்ட்வேர் கிளைக்குள், அதை எழுதிய சைமன் டாத்தமின் பெயரிலுள்ள கிளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் இணைந்த சேவையகங்களின் சாவிகளும் அங்கேயே பதிவாகும். வீட்டுக்கு வந்து திறந்தால் பட்டியல் காலி. கூடத்துக் கணினியில் அதே பயனர் கணக்கில் அடுத்து உட்காருபவருக்கோ நீங்கள் எந்தெந்தச் சேவையகத்துக்குப் போனீர்கள் என்பது அப்படியே தெரியும். நிறுவாமல் ஓடியது, ஆனால் போர்ட்டபிள் ஆகவில்லை.

ஆகவே ஒரு மென்பொருளைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது எங்கெங்கே எழுதுகிறது? இந்தக் கேள்விக்கு முழு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலைக்கு மேல் முடிந்தது.

எங்கே எழுதும்?

விண்டோஸில் இடங்கள் அதிகமில்லை. பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா என்று மறைந்திருக்கும் ஒன்று. அதற்குள் ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று மூன்று. அமைப்புகள் பெரும்பாலும் ரோமிங்கில், தற்காலிகச் சேமிப்பு லோக்கலில். எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானவை சி டிரைவின் ப்ரோகிராம்டேட்டாவில். சில மென்பொருள்கள் ஆவணங்கள் கோப்புறையில் தம் பெயரில் ஒரு கோப்புறை போட்டுவிடும். மிச்சம் ரெஜிஸ்ட்ரி: நடப்புப் பயனர் பிரிவு, கணினி முழுவதற்குமான பிரிவு. இந்தக் கடைசிப் பிரிவில் எழுத அட்மின் உரிமை வேண்டும். அங்கே எழுதியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் மென்பொருளைப் பொதுக் கணினிக்குக் கொண்டுபோக முடியாது.

இதைக் கண்ணால் பார்க்க இரண்டு கருவிகள் போதும். ரெக்ஷாட் எளியது: மென்பொருளை ஓட்டுமுன் ரெஜிஸ்ட்ரியை ஒரு படம் எடுக்கும், மூடிய பின் இன்னொரு படம், பிறகு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். கோப்புறைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். மற்றது மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள ப்ராசஸ் மானிட்டர். இது நடக்க நடக்கவே காட்டும். வடிகட்டாமல் திறந்தால் சில நொடிகளில் லட்சக்கணக்கான வரிகள் வந்து குவியும். ப்ராசஸ் நேம் என்ற வடிகட்டியில் உங்கள் மென்பொருளின் பெயரையும், கேட்டகரி என்பதில் ரைட் என்பதையும் கொடுங்கள். அது எழுதியவை மட்டும் மிஞ்சும். துணை இஎக்ஸ்இ ஏதாவது இருந்தால் அதன் பெயரையும் சேர்க்க மறக்காதீர்கள். புதுப்பிப்பைத் தேடும் துணை நிரல்தான் பல நேரம் கண்ணில் படாமல் எழுதிவிட்டுப் போகும். ப்ராசஸ் மானிட்டருக்கு அட்மின் உரிமை தேவை என்பதால் இந்த வேலையை உங்கள் சொந்தக் கணினியில்தான் செய்ய முடியும்.

வெறுமனே திறந்து மூடிப் பார்ப்பதால் பயனில்லை. ஒரு கோப்பைத் திறங்கள், வேறு பெயரில் சேமியுங்கள், எழுத்துரு அளவு போன்ற ஓர் அமைப்பை மாற்றுங்கள், அச்சிடும் ஜன்னலைத் திறங்கள், பிறகு மூடுங்கள். நிறைய மென்பொருள்கள் அமைப்புகளை மூடும் தருணத்தில்தான் எழுதுகின்றன. மூடுவதற்கு முன்பே பதிவை நிறுத்திவிட்டால் முக்கியமான வரி கிடைக்காது.

கையில் வெண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம். பல மென்பொருள்களுக்குள்ளேயே போர்ட்டபிள் வசதி ஒளிந்திருக்கிறது. ஆடாசிட்டியின் இஎக்ஸ்இ இருக்கும் கோப்புறையில் போர்ட்டபிள் செட்டிங்ஸ் என்ற ஆங்கிலப் பெயரில் ஒரு வெற்றுக் கோப்புறை போட்டால் போதும், அமைப்புகளை அதற்குள் எழுதத் தொடங்கிவிடும். நோட்பேட் பிளஸ் பிளஸின் ஜிப் பதிப்பில் டூலோக்கல்கான்ஃப் என்ற வெற்று எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அது இருக்கிறது என்பதே மென்பொருளுக்கு அடையாளம். விஷுவல் ஸ்டூடியோ கோடின் ஜிப் பதிப்பில் டேட்டா என்று ஒரு கோப்புறை போட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தொடங்கும்போதே ப்ரொஃபைல் (நம் அமைப்புகள் அடங்கிய கோப்புறை) இருக்கும் இடத்தைக் கட்டளையில் சொல்லிவிடலாம். இப்படி ஒரு வழி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நாமாகக் கட்டும் எந்த ஏற்பாட்டையும்விட அது உறுதியானது.

அப்படி இல்லையென்றால்தான் நாம் கைவைக்க வேண்டும். முதல் வேலை, நிறுவி கோப்பிலிருந்து மென்பொருளைப் பிரித்தெடுப்பது. என்எஸ்ஐஎஸ் என்ற நிறுவி செய்யும் கருவி கொண்டு செய்யப்பட்ட நிறுவியைப் பெரும்பாலும் செவன் ஜிப்பே பிரித்துவிடும். இன்னோ செட்டப் வகைக்கு இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற தனிக் கருவி உண்டு. எம்எஸ்ஐ கோப்பு என்றால் விண்டோஸின் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையை நிர்வாக நிறுவல் முறையில் ஓட்டினால், ரெஜிஸ்ட்ரியைத் தொடாமல் கோப்புகளை மட்டும் ஒரு கோப்புறையில் கொட்டிவிடும்.

பிறகு இரண்டு கோப்புறைகள்: மென்பொருளுக்கு ஒன்று, அமைப்புகளுக்கு ஒன்று. இரண்டையும் கலக்கவே கூடாது. போர்ட்டபிள் மென்பொருள்களைத் தொகுத்துத் தரும் போர்ட்டபிள்ஆப்ஸ் தளத்தின் வடிவமும் இதே முறைதான். ஆப், டேட்டா என்று பிரித்து, வெளியே ஒரு தொடக்கி இஎக்ஸ்இ வைக்கிறார்கள். நாளை புதிய பதிப்பு வரும்போது ஆப் கோப்புறையை மட்டும் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தால் போதும், அமைப்புகள் பத்திரமாக இருக்கும்.

தொடக்கி என்ன செய்ய வேண்டும் என்பதைப் புட்டியை வைத்தே பார்க்கலாம். கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பு போதும். இந்த வழி புட்டியின் கையேட்டிலேயே இருக்கிறது. முதலில் டேட்டா கோப்புறையிலிருக்கும் ரெக் கோப்பை, அதாவது ரெஜிஸ்ட்ரி கிளையின் நகலை, ரெஜிஸ்ட்ரிக்குள் இறக்க வேண்டும். பிறகு புட்டியைத் தொடங்கி, அது மூடும்வரை காத்திருக்க வேண்டும். மூடியதும் அந்தக் கிளையை மறுபடி ரெக் கோப்பாக எழுதி, ரெஜிஸ்ட்ரியிலிருந்து கிளையை நீக்கிவிட வேண்டும். நடப்புப் பயனர் பிரிவு என்பதால் இதற்கு அட்மின் உரிமை தேவையில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது, கெட்டுப்போவதற்கு நான்கு இடங்கள் உண்டு. ஸ்டார்ட் கட்டளை, மேற்கோளுக்குள் வரும் முதல் சொல்லை ஜன்னலின் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். பாதையை மேற்கோளில் எழுதினால் அதற்கு முன்னால் ஒரு வெற்று மேற்கோள் வைத்தாக வேண்டும். காத்திருக்கும் குறியை விட்டுவிட்டால், புட்டி திறந்திருக்கும்போதே பேட்ச் கோப்பு அடுத்த வரிக்குப் போய் அமைப்புகளை நீக்கிவிடும். ஏற்றுமதி செய்யும்போது பழைய ரெக் கோப்பை மேலெழுதச் சொல்லாவிட்டால் கேள்வி கேட்டு நின்றுகொள்ளும். நான்காவதுதான் மோசம்: அந்தக் கணினியின் சொந்தக்காரர் ஏற்கெனவே புட்டி வைத்திருந்தால், கடைசி வரி அவருடைய அமைப்புகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஆகவே எதையும் இறக்குமுன் அவருடைய கிளையைத் தனியாக எடுத்து வைத்து, போகும்போது திருப்பி வைக்க வேண்டும். போர்ட்டபிள்ஆப்ஸ் தளத்தின் ஆயத்தத் தொடக்கியான லாஞ்சர் இந்தக் காப்புவேலையைத் தானே செய்கிறது. எந்த ரெஜிஸ்ட்ரி கிளை, எந்தக் கோப்புறை என்பதை ஒரு ஐஎன்ஐ கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். பேட்ச் கோப்பில் எழுதிப் பார்ப்பது கற்றுக்கொள்ள நல்லது. அன்றாடப் பயன்பாட்டுக்கு லாஞ்சரே பாதுகாப்பு.

ரெஜிஸ்ட்ரிக்குப் பதில் ஆப்டேட்டாவில் எழுதும் மென்பொருளுக்குச் சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: தொடக்கிக்குள் ஆப்டேட்டா என்ற சூழல் மாறியை நம் கோப்புறைக்குத் திருப்பிவிடுவது. சில மென்பொருள்களில் அழகாக வேலை செய்யும். ஆனால் விண்டோஸிடமே நேரடியாக இடத்தைக் கேட்கும் மென்பொருள் அந்த மாறியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பழைய இடத்திலேயே எழுதும். எந்த வகை என்பதை ப்ராசஸ் மானிட்டரில் ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும்.

எவ்வளவு முயன்றாலும் மாற்ற முடியாதவை உண்டு. டிரைவர் ஏற்றுபவை, விண்டோஸ் சர்வீஸாக ஓடுபவை, வலது சொடுக்குப் பட்டியலில் இடம் பிடிப்பவை, வைரஸ் தடுப்பு, பெரும்பாலான விபிஎன். விண்டோஸின் உள்ளீட்டுச் சட்டகத்தில் பதிவு செய்துகொள்ளும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களும் இந்த வரிசைதான். விண்டோஸ் 11 கணினியில் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் கூடவே வருவதால் அதைச் சேர்த்துக்கொள்வதே சுலபம். எழுத்துருவுக்கு மட்டும் ஒரு நல்ல வழி இருக்கிறது: லிப்ரே ஆபிஸின் ஷேர், ஃபான்ட்ஸ், ட்ரூடைப் என்று போகும் கோப்புறையில் உங்கள் தமிழ் எழுத்துருவைப் போட்டுவிட்டால், கணினியில் நிறுவாமலேயே லிப்ரே ஆபிஸுக்குள் அது தெரியும்.

கடவுச்சொல் சேமிப்பு வேறு வகைச் சிக்கல். குரோம் சேமித்த கடவுச்சொற்களை விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைந்த குறியாக்கத்தில் பூட்டுகிறது. ப்ரொஃபைலை முழுவதும் தூக்கிக்கொண்டு போனாலும் அடுத்த கணினியில் பூட்டு திறக்காது. ஃபயர்ஃபாக்ஸ் சாவியையும் தன் ப்ரொஃபைலுக்குள்ளேயே வைத்திருப்பதால் கடவுச்சொற்கள் கூடவே வரும். அதனாலேயே அதற்கு ஒரு முதன்மைக் கடவுச்சொல் போட்டு வைப்பது கட்டாயம். எம்ஆர்டி ரயிலில் தம்ப் டிரைவ் தவறினால் எல்லாமே போய்விடும்.

சோதிப்பது

செய்தவரின் கணினியில் எதுவும் ஓடும். அங்கே விஷுவல் சி பிளஸ் பிளஸ் நூலகங்கள் எப்போதோ வேறு மென்பொருளோடு வந்து இறங்கியிருக்கும். டாட் நெட் இருக்கும். பழைய அமைப்புகள்கூட ஆப்டேட்டாவில் மிச்சமிருக்கும். அடுத்த கணினியில் திறந்ததும் விசிரன்டைம்140 டிஎல்எல் என்ற நூலகக் கோப்பு இல்லை என்று செய்தி வரும். அந்த டிஎல்எல் கோப்பை இஎக்ஸ்இ பக்கத்திலேயே வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆகவே முதல் சோதனை வெறுமையான விண்டோஸில். விண்டோஸ் 10 ப்ரோவின் 1903 பதிப்பிலிருந்து விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்ற வசதி இருக்கிறது. ஹோம் பதிப்பில் கிடையாது. திறக்கும்போதெல்லாம் புத்தம் புதிய விண்டோஸ் கிடைக்கும், மூடினால் எல்லாம் அழியும். ஒரு விஷயத்தில் கவனம்: சாண்ட்பாக்ஸில் உள்ள பயனருக்கு அட்மின் உரிமை உண்டு. அங்கே ஓடியது பொதுக் கணினியில் ஓடும் என்று சொல்ல முடியாது. அதற்கு உங்கள் கணினியில் சாதாரண உரிமையுள்ள புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் ஓட்டிப் பாருங்கள்.

போர்ட்டபிள் கோப்புறையை ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்துச் சோதிக்க வேண்டாம். பழைய 32 பிட் மென்பொருள் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தக் கோப்பை ஆப்டேட்டா லோக்கலில் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற கோப்புறைக்குத் திருப்பிவிடும். அமைப்புகள் பக்கத்திலேயே எழுதப்பட்ட மாதிரி மென்பொருளுக்குத் தோன்றும், உங்களுக்கும் தோன்றும்.

டிரைவ் எழுத்துச் சோதனைக்குத் தம்ப் டிரைவே தேவையில்லை. சப்ஸ்ட் என்று விண்டோஸில் ஒரு பழைய கட்டளை உண்டு. ஒரு டிரைவ் எழுத்தையும் கோப்புறையின் பாதையையும் கொடுத்தால், அந்தக் கோப்புறை தனி டிரைவாகத் தெரியும். முதலில் எக்ஸ் என்று வையுங்கள். மென்பொருளைத் திறந்து ஓர் அகராதியையோ செருகுநிரலையோ சேர்த்து, கோப்பு ஒன்றைச் சேமித்து மூடுங்கள். எக்ஸை நீக்கிவிட்டு அதே கோப்புறையை ஒய் என்று வைத்து மீண்டும் திறங்கள். அண்மைக் கோப்புகள் பட்டியல் இன்னும் எக்ஸைக் காட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். அகராதி காணோம் என்றால் தேறவில்லை. அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும். லாஞ்சர் கொண்டு பழைய எழுத்தை நீக்கிப் புதிய எழுத்தைப் போடச் சொல்லலாம், ஆனால் எழுத்தையும் இரட்டைப்புள்ளியையும் மட்டும் தேடினால் வேறு சொற்களின் வாலும் சிக்கிச் சிதைந்துவிடும். சாய்கோட்டையும் சேர்த்துத் தேடுங்கள். சில கோப்புகளில் சாய்கோடு இரட்டையாகவும், சிலவற்றில் எதிர்த்திசையிலும் இருக்கும். அட்மினாக ஓட்டும் நிரலுக்கு சப்ஸ்ட் டிரைவ் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தமிழர்கள் விடக்கூடாத சோதனை இது: கோப்புறைக்கு ‘என் கருவிகள்’ என்று தமிழில், இடைவெளியுடன் பெயர் வைத்து ஓட்டுங்கள். விண்டோஸில் தமிழுக்கு யுனிகோட் மட்டுமே உண்டு, பழைய வகைக் குறியீட்டுப் பக்கம் கிடையாது. யுனிகோட் தெரியாத மென்பொருளுக்கு அந்தப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும். கோப்புப் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது என்பது விண்டோஸின் விதி. அதனால் கோப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். இது உங்கள் தொடக்கியின் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவதற்கு முன், ஆங்கிலப் பெயரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தேதி வடிவமும் இப்படித்தான். சிங்கப்பூர் அமைப்பில் நாள் முதலில், அமெரிக்க அமைப்பில் மாதம் முதலில். தேதியை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் மென்பொருள், இங்கே எழுதிய 13/5 என்பதை அமெரிக்க அமைப்பிலுள்ள கணினியில் படிக்க முடியாமல் திணறும். 5/6 என்றால் திணறாது, ஜூன் 5ஐ மே 6 ஆக்கிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார அமைப்பை மாற்றி ஒருமுறை பாருங்கள்.

பிறகு முறையற்ற முடிவு. மென்பொருள் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் அதையும் தொடக்கியையும் கொன்றுவிட்டு, மறுபடி தொடங்குங்கள். விட்டுப்போன கிளைகளைத் தொடக்கி கண்டுபிடித்துச் சரிசெய்கிறதா, அல்லது அவற்றைச் சொந்தக்காரருடையவை என்று நினைத்து நம் அமைப்புகளைக் காப்பாக எடுத்து வைக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து தம்ப் டிரைவுக்கு விரைவு நீக்கம்தான் இயல்பு அமைப்பு என்பதால், ‘பாதுகாப்பாக நீக்கு’ பலருக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்த அமைப்பும் காப்பாற்றாது.

கடைசியாக ரெக்ஷாட்டை மறுபடி ஓட்டுங்கள். எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும் சில வரிகள் வரும்: ப்ரீஃபெட்ச், யூசர்அசிஸ்ட், மியூஐகேஷ். எந்த நிரல் ஓடினாலும் விண்டோஸ் தானே எழுதிக்கொள்ளும் குறிப்புகள் அவை. நம் மென்பொருளின் குறையல்ல. ஆனால் ‘எந்தச் சுவடும் இருக்காது’ என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கும் அவையே சான்று.

நண்பர்களுக்குக் கொடுக்குமுன்

உங்களுக்காக ஒன்றைச் செய்துகொள்வதும், அதைப் பிறருக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. இலவச மென்பொருளின் உரிமத்திலும் மறுவிநியோகம் கூடாது என்று இருக்கலாம். ஜிபிஎல் என்ற திறமூல உரிமம் உள்ளவற்றை மூல நிரல் கிடைக்கும்படி செய்து தாராளமாகக் கொடுக்கலாம். கொடுக்கும்போது டேட்டா கோப்புறை காலியாக இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். உங்கள் பெயரும் அண்மைக் கோப்புகளும் அதில்தான் ஒளிந்திருக்கும். ஜிப்பாக அனுப்பினால், பிரிக்கும் முன் கோப்பின் பண்புகள் ஜன்னலில் தடையை நீக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் பாதுகாப்பு எச்சரித்து நிறுத்தும்.

டிரைவை எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வையுங்கள். ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள மென்பொருள் மலிவான டிரைவில் திறக்கவே நேரம் பிடிக்கும் என்பதால், எத்தனை ஜிபி என்பதைவிடச் சிறு கோப்புகளை எவ்வளவு வேகமாகப் படிக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

அலுவலகக் கணினியில் செருகுமுன் கேட்டுவிடுங்கள். சிங்கப்பூர்ப் பொதுத்துறைக் கணினிகளில் அனுமதியில்லாத யுஎஸ்பி கருவிகளை 2017இலேயே தடுத்துவிட்டார்கள். பல தனியார் நிறுவனங்களிலும் இதே விதிதான். போர்ட்டபிள் பதிப்பு அட்மின் உரிமை இல்லாமல் ஓடும் என்பது, அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்பதாகாது.